வாய் நனைக்கிற முறை

"கொழந்த தலையில கை வெச்சி சொல்லு" என்று ஆதிலட்சுமி பெண்ணைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினாள்.

செல்லப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். இரண்டு வயது ஜெயா அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டு அப்பனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது. அவன் கை வைக்காததற்குக் காரணம் இருந்தது. மூன்று தடவை சத்தியம் செய்து மூன்று தடவையும் தப்பியவன் அவன். நாலாவதும் தப்பினால் அந்தப் பாவம் பிள்ளை தலையில் விடிந்துவிடும் என்று பயந்தான். அதை வாய்விட்டும் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுபடி குடிக்கப் போவதாக முன்கூட்டியே முடிவு கட்டியவன் பேச்சாகத்தான் அது அவள் காதில் விழுந்தது.

மூட்டை ஏற்கெனவே கட்டி வாசலில் இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் குழந்தைக்கு ஜுரம் கண்டு கண் செருகியபோது, பாகூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டி வர ஓடியவன் விடியும்வரை திரும்பவில்லை. வழியில் ஒரு சாவு வீட்டில் மேளத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள், அடித்தான், குடித்தான், ஏரிக்கரையில் விழுந்து கிடந்தான். குழந்தை பிழைத்தது மாரியம்மன் புண்ணியம். அன்றிலிருந்து ஆதிலட்சுமி அவனோடு பேசவில்லை. இப்போது பேசியதுகூட கணக்கு முடிக்கத்தான்.

"சத்தியம் வாணாம். ஒரு மண்டலம் இருந்து காட்டு. நாப்பத்தெட்டு நாள். ஒரு சொட்டு வாயில படக் கூடாது. இருந்தீன்னா நானே வருவன். இல்லன்னா நீயும் வர வாணாம், ஆளும் அனுப்ப வாணாம்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, உறுவையாறு கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நடந்துவிட்டாள். சேரி முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

செல்லப்பனுக்கு மனவுறுதி கிடையாது என்பது பாகூரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவன் அதற்கு முன்னால் குடியை விட்ட மூன்று தடவையும் எப்படி முடிந்தன என்று யாராவது யோசித்திருக்கலாம். முதல் தடவை பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் தடவை இருபத்தாறு நாள்; இருபத்தேழில் ஒரு கருமாதி. மூன்றாம் தடவையும் சாவுதான். அவன் பறை அடிக்கிறவன். ஊரில் சாவு விழுந்தால் அவன் போகவேண்டும். போனால் குடிக்கவேண்டும். அது முறை.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டு வாசலில் மேளக்காரன் முன்னால் ஒரு கொட்டாங்கச்சியை வைப்பார்கள். கொள்ளி போடப்போகிற மூத்த மகன் தன் கையால் அதில் சாராயத்தை ஊற்றிவிட்டு விலகி நிற்பான். மேளக்காரன் எடுத்துக் குடித்த பிறகுதான் முதல் அடி. அந்த முதல் அடி தலைமுறையாகச் செல்லப்பன் வீட்டு உரிமை, கூட அடிக்கிறவர்கள் யாரும் அதைப் போடக் கூடாது. முதல் அடி விழுந்த பிறகுதான் பிணத்தைக் குளிப்பாட்டுவது, தூக்குவது எல்லாம். காய்ந்த வாயோடு அடித்த மேளம் அதே வீட்டில் அடுத்த சாவைக் கூப்பிடும் என்பார்கள். யார் கூப்பிட்டு யார் போனார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முறைக்குச் சாட்சி எதற்கு?

மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. குடிசை நிற்கிற மனை பெரிய பண்ணை சுப்பராயலுவுடையது. மேளம் அடிக்கிறவரைக்கும் மனை. மேளம் நின்றால் கூரையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

இந்தத் தடவை செல்லப்பன் புத்தியோடு ஆரம்பித்தான். சாராயக் கடை பஸ் நிற்கிற இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷம் ஆயிற்று, கடை மட்டும் போகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. சனிக்கிழமை ஆனால் கடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து உறவினர்களைப் பார்த்துவிட்டுக் கண் சிவந்து திரும்புவார்கள். அந்த வாடை காற்றில் வரும் என்பதற்காகவே செல்லப்பன் கடைத்தெருப் பக்கம் போவதை விட்டு, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். கூட ஒரு மைல் நடை.

முதல் வாரம் கை நடுங்கியது. அரிவாள் பிடிக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அந்திக்குத்தான் உடம்பு கேட்கும் என்று கண்டுபிடித்து, அந்தி நேரம் ஆனதும் ஏரியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்பான். இருட்டியதும் ஏறி வந்து, இருப்பதைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். நாக்கு நமநமத்தால் பச்சைமிளகாயைக் கடித்துக்கொள்வான். சேரியில் சிரித்தார்கள். கூட மேளம் அடிக்கிற குழந்தைவேல், "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று முதலில் கேலி செய்தவன், இருபது நாள் தாண்டியதும் கேலியை நிறுத்திவிட்டான். தினமும் காலையில் எத்தனையாவது நாள் என்று அவனே கேட்க ஆரம்பித்தான்.

முப்பத்தேழாம் நாள் காந்தி ஜெயந்தி வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் மதுவிலக்குக் கூட்டம். தலைமை பெரிய பண்ணை சுப்பராயலு. வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டும் தொப்பியுமாக நகரசபைத் தலைவரான மேர் வீட்டு விருந்துக்குப் போய்வந்தவர், இப்போது கதர் ஜிப்பாவில் இருந்தார். அவருக்கு எந்தத் துணியும் பொருந்தும். செல்லப்பன் குடியை விட்ட சேதி அவர் காதுக்கும் போயிருந்தது. மேடைக்குக் கீழே நிற்கவைத்து, ஒரு மாலையை ஆள் மூலம் கையில் கொடுக்கச் செய்தார். கழுத்தில் போடுவது என்றால் தொடவேண்டிவரும் அல்லவா? பிறகு அரை மணி நேரம் பேசினார். மனசு வைத்தால் மனிதனால் முடியாதது இல்லை. குடிகாரன் கெடுவது தன் மனசு கெட்டதால்தான். இதோ இந்தச் செல்லப்பனைப் பாருங்கள் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். செல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் அவனைப் பார்த்துக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அந்த மாலை காய்ந்த பிறகும் அதைக் குடிசைக்குள் மாட்டியே வைத்திருந்தான்.

நாற்பத்தோராம் நாள் காலையில் சுப்பராயலுவின் தாயார் தெய்வநாயகி அம்மாள் காலமானாள். எண்பத்தாறு வயது, பேரன் பேத்தி எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, கல்யாணச் சாவு. அழுவதற்கு ஆள் குறைவு, குடிப்பதற்கு ஆள் அதிகம். கடலூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டார் பத்து மணி பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். சுப்பராயலுவின் மைத்துனன் உலகநாதன் பந்தலுக்குப் பின்னால் பானை பானையாக இறக்கிவைத்தான்.

செல்லப்பன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போதே குழந்தைவேலிடம் சொல்லிவிட்டான், தான் ஐயா காலில் விழப்போவதாக. இன்னும் ஏழே நாள். மேடையில் அப்படிப் பேசினவர், கூட்டத்தில் தன்னைக் காட்டினவர், இதைக்கூடவா விட்டுக்கொடுக்கமாட்டார்?

வாசலில் கொட்டாங்கச்சி வைக்கப்பட்டது. சுப்பராயலு ஈர வேட்டியோடு கையில் பாட்டிலுடன் வந்தார். செல்லப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஆண்டே, இன்னும் ஏழு நாள்தான். பொண்டாட்டி புள்ள வந்துரும். தண்ணி ஊத்துங்க, வாய நனைச்சிக்கறன். இதுக்கு மட்டும் உடுங்க."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. பிறகு நேரம் ஆக ஆகச் சிரிப்பு முணுமுணுப்பாக மாறியது. புரட்டாசி வெயில். உள்ளே பிணம். மேளம் முழங்காமல் ஒரு காரியமும் நகராது. கிழவிக்கு மோட்சம் இல்லாமல் செய்ய வந்திருக்கிறான் என்று ஒரு பெண் குரல் எழுந்தது. உலகநாதன் செருப்பைக் கழற்றினான். சுப்பராயலு அவனைக் கையமர்த்தினார். மைத்துனனைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் கனிந்திருந்தது.

"எந்திரிடா. நானே உன் விரதத்தக் கெடுப்பனா? எளநீ ஊத்தறன், குடிச்சிட்டு அடி."

செல்லப்பன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உலகநாதன் சீவிய இளநீரைக் கொண்டு வந்தான். சுப்பராயலு தன் கையால் கொட்டாங்கச்சியில் ஊற்றிவிட்டு விலகி நின்றார். நன்றியில் கண் மறைத்தவனுக்கு மூக்கும் மறைத்துவிட்டது போலிருக்கிறது. அண்ணாந்து ஒரே மடக்காக உள்ளே விட்டான். தொண்டையில் நெருப்பு இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இளநீரில் பாதி சாராயம்.

பந்தல் கொல்லென்று சிரித்தது. உலகநாதன் துடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். சுப்பராயலு சிரிக்கவில்லை. "முறைக்கு ஒரு மடக்குதாண்டா. மனசுல வெச்சிக்காத" என்று நயமாகச் சொன்னார். அவர் மனதுக்கு அது ஒரு குற்றமாகவே படவில்லை. மேடையில் பேசியதும் நிஜம், இதுவும் நிஜம். அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் மீள முடியாது.

செல்லப்பன் பறையை எடுத்து அடித்தான். பிணம் எழுந்தது.

மறுநாள் அவன் கண் விழித்தது சுடுகாட்டுப் பாதையில், முள்ளுச் செடி ஓரம். எழுந்து ஏரியில் முழுகினான். குடிசைக்குப் போகவில்லை. நேராக உறுவையாற்றுக்கு நடந்தான். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஆறு நாளை ஓட்டியிருந்தால் அவளே வந்திருப்பாள். வழியெல்லாம் இதை யோசித்துக்கொண்டேதான் நடந்தான். ஆனாலும் கால் திரும்பவில்லை.

ஆதிலட்சுமி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றது. நாலு அடி தள்ளி நின்றபடி அவன் எல்லாவற்றையும் சொன்னான். இளநீரைச் சொன்னான். பிறகு, அவள் கேட்காததையும் சொன்னான்.

"மொத மடக்குதான் அவுங்க ஏமாத்துனது, ஆதி. அப்பறம் வழி நெடுக குடிச்சது நாந்தான். யாரும் ஊத்தல. நானே கேட்டு வாங்கிக் குடிச்சன்."

அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். உச்சி வெயில் இறங்கும்வரை அவன் களத்து ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஜெயா வந்து பக்கத்தில் விளையாடிவிட்டுப் போயிற்று. கடைசியில் படல் திறந்தது. வெளியே வந்தவள் அழுதிருந்தாள், ஆனால் கோபம் அவன்மேல் இல்லை என்பது குரலில் தெரிந்தது. கொட்டாங்கச்சி யார் வைப்பார்கள், யார் ஊற்றுவார்கள், குடிக்காவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் அப்பன் வீட்டில் யாரும் மேளம் அடித்தவர்கள் இல்லை. பெண்கள் சாவு வீட்டு மேளத்துப் பக்கம் போவதும் இல்லை. நாலு வருஷம் குடும்பம் நடத்தியும் அவள் இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேளத்துக்குப் போகிறான், கையில் கிடைப்பதைக் குடித்துத் தொலைக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள்.

"திரும்ப மொதல்லேந்து இருக்கறன்" என்றான் அவன். "இன்னிக்கி ஒண்ணு."

"கருமாதி என்னிக்கி?"

அவன் விரலை மடக்கி எண்ணினான். இன்றைக்கு ஒன்று என்றால் பதினைந்தாம் நாள் கருமாதி. அன்றைக்கும் அதே வாசல், அதே கொட்டாங்கச்சி. அதற்கப்புறம் ஊரில் யார் வீட்டில் யார் இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருவருக்குமே தெரியும். நாற்பத்தெட்டு நாள் சாவே விழாத ஊருக்கு எங்கே போவது? தான் கேட்டது அவனால் கொடுக்கவே முடியாத ஒன்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனைத் தனியாக விட்டுவிட்டு வந்து நாளை எண்ணிக்கொண்டிருந்த தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

அன்று பொழுது சாயுமுன் மூட்டை மறுபடி தலையில் ஏறியது.

பதினான்கு நாளும் அவன் ஏரியில் நின்றான், அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவை முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏழு நாள் பாக்கி இருக்கும்போது கவிழ்ந்தவனுக்கு, எட்டாம் நாள் ஒன்பதாம் நாள் என்று எண்ண வாய் வரவில்லை. எதற்கு என்று ஒருநாள் தண்ணீரிலிருந்தபடியே கேட்டான். எப்படியும் பதினைந்தில் ஊற்றப் போகிறார்கள். அதற்கு இப்போதே குடித்துவிட்டால் என்ன? ஆதிலட்சுமி, "இன்னிக்கி நாள நீ பாத்துக்க, அன்னிக்கி நாள நான் பாத்துக்கறன்" என்றாள். அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் பிடித்துக்கொள்ள ஒரு சொல் கிடைத்தது.

கருமாதி அன்று ஆதிலட்சுமி குழந்தையைக் குழந்தைவேல் வீட்டில் விட்டுவிட்டு, பறை காய்ச்சுகிற வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு புருஷன் பின்னால் நடந்தாள். பெரிய பண்ணை வாசலில் பந்தல், வாழைமரம், இலை போடுவதற்குக் காத்திருக்கும் கூட்டம். மேளக்காரன் பெண்டாட்டி எதற்கு வந்தாள் என்று ஓரிருவர் பார்த்தார்கள். வைக்கோலைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

கொட்டாங்கச்சி வந்தது. மொட்டைத் தலையோடு சுப்பராயலு வந்தார். இன்றைக்கு இளநீர் விளையாட்டு எல்லாம் இல்லை. அவன்தான் அன்றைக்கே சுடுகாட்டு வழியில் கவிழ்ந்துவிட்டானே, இனி என்ன விரதம்? நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று மைத்துனனிடம் சிரித்துக்கொண்டே ஊற்றினார். ஊற்றிவிட்டு விலகினார்.

செல்லப்பன் குனியுமுன் ஆதிலட்சுமி குனிந்தாள். கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"மேளக்கார வூட்டு வாய் நனையணும். அதான முறை? நானும் அந்த வூடுதான்."

யாரும் தடுக்க நேரமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தாள். பாதியில் குமட்டியது; முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். மறுபடி குடித்தாள். காலி கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தள்ளாடாமல் இருப்பதற்காகப் பந்தல் காலைப் பிடிக்கப் போனவள், தீட்டு என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பந்தல் பதறிப்போயிற்று. சுப்பராயலுவின் மனைவி சாரதா, "ஐயையோ, பொம்பள" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த பெண்கள் ஓடி வந்து பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள், கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றாலும். கலி முற்றிவிட்டது என்றார் ஒருவர். பிள்ளை பெற்றவள் தொடுகிற பொருளா அது என்றார் இன்னொருவர். குடும்பம் விளங்குமா, குலம் விளங்குமா என்று கடலூர்ச் சம்பந்தி, காலையிலிருந்து மூன்று தடவை பந்தலுக்குப் பின்னால் போய் வந்தவர், தலையில் அடித்துக்கொண்டார். அப்பன், பாட்டன், பூட்டன் என்று எத்தனையோ பேருக்கு ஊற்றிக் கொடுத்து அவர்கள் குடல் வெந்து செத்ததைப் பார்த்த தெருவுக்கு, சாராயம் ஒரு கெட்ட வஸ்து என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

வாய் நனையவில்லை என்று சுப்பராயலு சொல்ல வழியில்லை. நனைந்த வாய் சரியான வாய் இல்லை என்று சொல்வதற்கு முறையில் இடமும் இல்லை. செல்லப்பன் அவர் உத்தரவுக்குக் காத்திருக்காமல் முதல் அடியைப் போட்டான்.

இலை எடுத்து, கூட்டம் கலைந்த பிறகு அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் மேளத்துக்கு வரும்போது அவளை அழைத்துக்கொண்டு வரக் கூடாது, ஊர் மானம் போகிறது என்றார். மனையை நினைத்துக்கொள் என்றும் சொன்னார். செல்லப்பன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டான்.

"அவ இல்லாம நான் வர முடியாது, ஆண்டே" என்றான்.

சுப்பராயலு அன்றைக்கு மனையைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. அவனைத் துரத்திவிட்டால் அடுத்த சாவுக்கு மேளம் யார் அடிப்பது?

அன்று சாயங்காலம் ஆதிலட்சுமி வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தாள். ஜெயா அவள்மேல் படுக்கப் போய், வாயருகே முகத்தைக் கொண்டுபோனதும் சுளித்துக்கொண்டு அப்பனிடம் ஓடிவிட்டது. செல்லப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் மனைவியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏரிக்குப் போகவேண்டிய நேரம் தாண்டிப்போயிருந்தது. அவனுக்கு அது ஞாபகமே வரவில்லை.

முப்பத்தோராம் நாள் காலையில் வடக்குத் தெரு ஆள் ஒருவன் சேரி முனையில் நின்று குரல் கொடுத்தான். கிராமணி வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். மேளத்தை எடுத்துக்கொண்டு உடனே வரவேண்டும். மண்டலம் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது.

செல்லப்பன் பறையை எடுத்தான். ஆதிலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீ வாணாம், ஆதி. ஒடம்பு தாங்காது" என்றான் அவன்.

"நான் வராம யாரு குடிக்கறது?" என்று கேட்டுவிட்டு அவள் வைக்கோல் கட்டைத் தேடினாள்.